விடுதலை எழுதிக் கொடுத்தவர்

போன மாதம் தாரணி போன் செய்தாள். பத்திர எழுத்தர் அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். அந்த வேலையே இப்போது மாறிவிட்டது. கணினியைத் திறந்தால் ஆவண வகைகள் வரிசையாக வருகின்றன. ஒன்றைத் தொட்டால் மாதிரி வாசகம் தானாக வந்து விழுகிறது. பெயரையும் சர்வே எண்ணையும் நிரப்பினால் பத்திரம் தயார்.

"அண்ணா, ஒரு சந்தேகமுங்க. விடுதலைன்னு ஒரு வகை இருக்குதுங்களே, அதுக்கு ஒரு அக்கா வந்திருக்காங்க. 'யாருக்கு விடுதலை அம்மணி?'ன்னு என்னையக் கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

சட்ட விளக்கத்தை மட்டும் சொன்னேன். மற்றதை எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோது இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை.

ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள். தலையில் ஒரு நரை கிடையாது. ஆனால் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்த அன்று, அந்தத் தொழிலைப் பொறுத்தவரை நான் வயதாகிப்போனவன்தான். இப்போது கணபதியில் ஒரு பம்ப் பட்டறையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். போல்ட்டுக்கும் நட்டுக்கும் ஒரு அர்த்தம்தான்.

எங்கள் ஊர் சோமனூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் தறிக்குப் போனார்கள். அதற்கு முன் தோட்டத்து வேலை. இருவருக்கும் எழுத்து தெரியாது. வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனாலோ என்னவோ, எழுதியிருப்பது எல்லாம் அப்படியே நடக்கும் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் வகுப்பில் சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். வீட்டில் சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது அப்பா கேட்டார்: "சொதந்திரமா? அது களத்துல குடுக்கறதல்லடா?" அவர் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில், கதிரடித்து முடிந்ததும் தோட்டத்தில் பாடுபட்ட குடும்பங்களுக்குக் களத்திலேயே தானியம் அளந்து போடுவார்களாம். அந்தப் பங்குக்குப் பெயர் சுதந்திரம். கூலி வேறு, பிச்சை வேறு, சுதந்திரம் வேறு. அதை மட்டும் வாய் திறந்து கேட்டு வாங்கலாம். "போயிப் பேசிட்டு வா. எத்தன வள்ளம் அளக்கறாங்கன்னு பாக்கலாம்," என்றார். எனக்கு இரண்டாம் பரிசாக ஓர் எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானா சொதந்திரம்?"

கல்லூரியில் தமிழ் படித்தேன். வேலை கிடைக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் சரஸ்வதி அம்மாவிடம் சேர்த்துவிட்டார். கோவைக்கு வெளியே ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே அவருடைய ஒற்றை அறை. தட்டச்சு, சர்வே எண், நாலாபுற எல்லை, வில்லங்கம் பார்ப்பது என்று கற்றுக்கொண்டேன். பிறகு தேர்வு எழுதி உரிமம் வாங்கினேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சரஸ்வதி அம்மாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர் ஒல்லியான மனுஷி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். சிரிக்கவே மாட்டார்; ஆனால் அவர் சொல்வதைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒருவர் மூன்றாவது முறையாகத் தேதி மாற்றி, "நல்ல நேரம் பாக்கோணுமுங்க," என்றபோது, "பாருங்க, பாருங்க. நிலம் எங்கியும் ஓடிப் போகாது. நான்தான் போயிருவேன்," என்றார்.

விடுதலைப் பத்திரம் என்று வந்தால் மட்டும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. குடும்பச் சொத்தில் தனக்குள்ள பாகத்தை ஒருவர் இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதுதான் விடுதலை. சட்டப்படி அண்ணனும் தங்கைக்கு எழுதலாம். நான் இருந்தவரை ஓர் அண்ணனும் எழுதி நான் பார்க்கவில்லை. அக்காமாரும் தங்கைமாரும்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

வாங்குகிற ஆண்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிடுவார். எழுதிக் கொடுக்கிற பெண்ணுக்கு மேசைக்குப் பக்கத்து நாற்காலி. முதலில் பத்திரத்தில் உள்ளபடியே, பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர்களை அடுக்குவது போல, மூச்சு விடாமல் படிப்பார். "மேற்படி சொத்தில் எனக்குள்ள அவிபாஜ்ய பாகத்தைத் தங்களுக்கு விடுதலை செய்து கொடுத்துவிட்டபடியால், இனி அதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை. தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைப்பார். இரண்டாவது தடவை வீட்டுப் பேச்சில். "இனி அந்த ஊட்டுல உனக்கு ஒரு செங்கல்லு கெடையாது. உன்ற புள்ளைக்கும் கெடையாது. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனாலும் இந்தத் தாளக் காட்டுவாங்க. தெரிஞ்சுதான போடற அம்மணி?"

ஆமாம் என்று சொன்ன பிறகும் பேனாவைக் கையில் கொடுக்க மாட்டார். மேசையில் வைப்பார். என்னிடமும் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். "பேனாவக் கையில நீட்டாத தம்பி. வெய்யி. எடுக்கறது அவிங்க பாடு."

அந்த வாசகத்தை எத்தனையோ தடவை தட்டச்சு செய்த பிறகுதான் ஒரு நாள் எனக்கு உறைத்தது. ஒரே பக்கத்தில் இரண்டு சொல்லும் இருக்கின்றன. கொடுக்கிறவளுக்கு விடுதலை, வாங்குகிறவனுக்குச் சர்வ சுதந்திரம். பள்ளிக்கூடத்தில் இந்த இரண்டையும் ஒரே பொருள் என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். சரஸ்வதி அம்மாவிடம் சொன்னேன். "உனக்கு இன்னைக்கு வேல கம்மியா?" என்றார்.

அவர் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்கிறார் அல்லவா, அதனால் இங்கே அநியாயம் நடக்க வாய்ப்பில்லை என்பது என் எண்ணம். அர்த்தம் புரிந்தால் போதும், மனிதர் தாமே சரியாக முடிவு செய்துகொள்வார். ருக்மணி அம்மாள் வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய தம்பி பழனிசாமி இரண்டு நாள் முன்பே வந்து விவரம் கொடுத்துப் பத்திரத்தைத் தயார் செய்யச் சொல்லியிருந்தார். வெள்ளை வேட்டி சட்டை, மெல்லிய குரல், சொல்லுக்குச் சொல் மரியாதை. என்னைக்கூட "ஏனுங்க தம்பி, தண்ணி கெடைக்குமுங்களா?" என்றுதான் கேட்டார். அப்பன் சொத்து வீடும் அதை ஒட்டிய இடமும். ருக்மணி அம்மாள் கணவர் இறந்த பிறகு அந்த வீட்டின் பின்பக்க அறை இரண்டில்தான் மகனோடு இருந்தார்.

குறித்த நாளில் அக்காவும் தம்பியும் காரில் வந்து இறங்கினார்கள். விடுதலை எழுத வருகிற பெண்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வருகிற முகத்தோடு வருவார்கள். இந்த அம்மாள் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து... இல்லை, பூ இல்லை. என் ஞாபகம் அவர் முகத்தைப் பார்த்துப் பூவைச் சேர்த்துக்கொள்கிறது. கையில் துணிப்பை. சரஸ்வதி அம்மா இன்னொரு பத்திரத்தில் மும்முரமாக இருந்ததால் நான் ஆதார் அட்டையை வாங்கி விவரம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன மணிக்குங்க கண்ணு உடுவாங்க?" என்று கேட்டார்.

வீட்டுக்குப் போகத்தான் கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். "டோக்கன் கூப்பிடறதப் பொறுத்துங்க. மத்தியானத்துக்குள்ள உட்டுருவாங்க."

"அப்ப சோத்துக்கு ஊட்டுக்கு வந்தரலாமுங்களா?"

"தாராளமா வந்தரலாமுங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பையிலிருந்து ஒரு புதுச் சட்டையை எடுத்துக் காட்டினார். பெட்டியோடு வாங்கிய, மடிப்புக் கலையாத நீலக் கட்டம் போட்ட சட்டை. "ஒரு அளவு கொறைச்சே எடுத்தனுங்க. போன தடவை கம்பிக்கு அந்தப்பக்கம் பாத்தப்ப எளைச்சுட்டான். பழைய சட்டையப் போட்டுட்டு வந்தா ஊருல நாலு பேரு பாப்பாங்கல்லங்க?"

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. மெல்ல விசாரித்தேன். மகன் கார்த்தி கோவை ஜெயிலில் இருந்தான். கோயில் நோம்பியில் நடந்த ஓர் அடிதடியில் ஒரு ஆள் இறந்துபோனதில், பிடிபட்டவர்களில் அவனும் ஒருவன். ஜாமீன் கிடைக்கவில்லை. வழக்குக்கு அலைந்தது மாமன் பழனிசாமி. "ஆபீசுக்குப் போயி விடுதலை எழுதோணுமுங்க அக்கா, நீங்க வந்து ஒரு கையெழுத்துப் போடோணும்," என்று தம்பி சொல்லியிருக்கிறார். அக்கா சட்டை வாங்கிவிட்டார்.

தம்பி ஏமாற்றினார் என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. இந்தப் பக்கத்தில் எல்லோரும் அந்தப் பத்திரத்தை அப்படித்தான் சொல்கிறோம். அவர் தவறாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அக்கா சட்டை வாங்கியது தெரிந்தும் சும்மா இருந்தாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

சரஸ்வதி அம்மாவின் காதில் போய்ச் சொன்னேன். அவர் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு ருக்மணி அம்மாளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அன்று மட்டும் முதல் வாசிப்பு இல்லை. நேராக வீட்டுப் பேச்சுக்கே வந்துவிட்டார்.

"அம்மணி, இது உன்ற மகனை உடற விடுதலை இல்ல. அது ஜட்ஜு எழுதறது. இது நீ எழுதறது. ஊட்டுல உனக்கு இருக்கற பாகத்த உன்ற தம்பிக்கு உட்டுக்குடுக்கறது."

ருக்மணி அம்மாள் சட்டையை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தார். காலர் மடங்கிவிட்டது, எடுத்துச் சரிசெய்து மறுபடியும் வைத்தார்.

"அப்ப அவன் இன்னைக்கு வர மாட்டானுங்களா?"

"மாட்டான் அம்மணி."

"இதைப் போட்டாலுமுங்களா?"

"இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இதை நீ போடாமப் போனா ஒரு போலீசும் உன்னைக் கேக்காது."

பிறகு சரஸ்வதி அம்மா குரலைத் தாழ்த்தினார். "நானும் போட்டுக் குடுத்தவதான். போட்டதுக்கப்பறம் பொறந்தவன் ஊட்டுக்குப் போனா காப்பி வரும். சக்கரை போட மறந்துருவாங்க."

ருக்மணி அம்மாள் சிரிக்கவில்லை. தம்பியைக் கூப்பிடச் சொன்னார். பழனிசாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"தம்பி, இது ஊட்டுப் பத்திரமாமா?"

"ஆமாங்க அக்கா. நான் சொன்னனுங்களே, விடுதலைன்னு."

"போடலீன்னா?"

"போடலீன்னா என்னங்க அக்கா? உங்க இஷ்டம். என்ற கல்யாணத்துல எனக்கு இணைச்சீர் செஞ்ச அக்காங்க நீங்க, உங்களப் போயி நான் கட்டாயப்படுத்துவனா? அப்பறம் ஊரு என்னையக் காறித் துப்பாது?" உண்மையிலேயே மனம் நொந்தவர் போலத்தான் பேசினார். ஒருவேளை நொந்தும் இருக்கலாம்.

"இன்னைக்கு வேண்டாமுங்க. அவங்க ஊட்டுக்குப் போயி யோசிச்சுட்டு வரட்டும்," என்றார் சரஸ்வதி அம்மா.

"தாராளமாங்க அம்மா. ஒரு அவசரமும் இல்ல." பழனிசாமி வெளியே போகத் திரும்பினார். வாசலில் நின்று, ஏதோ மறந்ததைச் சொல்வது போலச் சொன்னார். "நாளைக்கு அந்த வக்கீலப் பாக்கறதா இருந்துச்சுங்க அக்கா. அதையும் அப்படியே தள்ளி வெச்சுக்கலாமுங்களா?"

வெளியே டோக்கன் எண் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"இல்ல தம்பி. இன்னைக்கே போட்டரலாம்," என்றார் ருக்மணி அம்மாள்.

சரஸ்வதி அம்மா வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "தெரிஞ்சுதான போடற அம்மணி?"

"தெரிஞ்சுதானுங்க."

நான் சரஸ்வதி அம்மாவின் கையைப் பார்த்தேன். அவர் பேனாவை மேசையில் வைக்கவில்லை. விரலிடுக்கில் பிடித்துக்கொண்டே இருந்தார். ருக்மணி அம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்தார். மேசையின் இந்தப் பக்கம், ஆதார் எண்ணை எழுதிவிட்டு நான் வைத்த பேனா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, எழுத்துக் கூட்டி, 'ருக்மணி' என்று எழுதினார். அவர் ஐந்தாவது வரை படித்தவர். கையெழுத்து அழகாகவே இருந்தது.

எதிரே சார்பதிவாளர் அறைக்கு நான்தான் கூட்டிப் போனேன். அன்றிருந்த சார்பதிவாளர் நிதானமானவர். படம் எடுத்து, விரல் ரேகை பதிந்த பிறகு, எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டார். "யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா? உங்க இஷ்டத்துலதான் எழுதிக் கொடுக்கறீங்களா?"

"ஆமாங்க. என்ற இஷ்டந்தானுங்க."

என்னால் நிற்க முடியவில்லை. "சார், இவங்க மகன் ஜெயில்ல இருக்கறாருங்க. அந்தக் கேசைப் பாக்கறது இவருதானுங்க," என்று பழனிசாமியைக் காட்டினேன்.

சார்பதிவாளர் பேனாவை மூடி வைத்தார். பழனிசாமியை வெளியே நிற்கச் சொன்னார். பிறகு ருக்மணி அம்மாளிடம், "அப்படி ஏதாவது இருந்தா இப்பவே சொல்லுங்கம்மா. பயப்பட வேண்டாம். நான் பதியாம நிறுத்திடறேன்," என்றார். அதைவிட ஓர் அதிகாரி என்ன செய்துவிட முடியும்?

ருக்மணி அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து அந்த முகத்தில் சந்தோஷத்தைப் பார்த்தேன், அது வடிந்துபோனதையும் பார்த்தேன். கோபத்தை அப்போதுதான் பார்த்தேன். அந்தக் கோபம் தம்பி மேல் இல்லை. என் மேல்.

"இந்தத் தம்பிக்கு வேற வேல இல்லீங்க. என்ற இஷ்டமுன்னு சொல்றனல்லங்க? எழுதிக்குங்க." என்னிடம் மட்டும் கேட்கிற குரலில், "உங்க வேலையப் பாருங்க கண்ணு. எம் பையன் உள்ள இருக்கறான்," என்றார்.

பத்திரம் பதிவாகியது. 'மனப்பூர்வமாகச் சம்மதித்து' என்று நான் தட்டச்சு செய்திருந்த வரி அப்படியே நிலைத்தது. அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதை மட்டும் நான் சரியாகச் சொல்லியிருந்தேன்.

திரும்பி வந்தபோது சரஸ்வதி அம்மா அடுத்த பத்திரத்தில் இருந்தார். "டீ சொல்லு," என்றார். டீ வந்து ஆறிப்போயிற்று.

அதற்குப் பிறகும் அங்கேயே இருந்தேன். ஆனால் கேள்வி கேட்கிற நோய் பிடித்துவிட்டது. வருகிற பெண்களிடம், "ஊட்டுல ஏதாச்சும் நெருக்கடிங்களா? வேற யாராச்சும் இருக்கறாங்களா கேக்கறதுக்கு?" என்று விசாரிப்பேன். சிலர் அழுதார்கள். ஒருத்தராவது எழுந்து போனதில்லை. எல்லோருக்கும் அர்த்தம் தெரிந்தே இருந்தது. தெரிந்துதான் போட்டார்கள். ஒருத்திக்கு மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வந்து நிற்க வேண்டும்; இன்னொருத்திக்குச் சாவுக்குக் கோடித் துணி போடப் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வேண்டும். "அந்தப் பையன்கிட்டப் போகாதீங்க, வக்கீலு கணக்காக் கேள்வி கேக்கும்," என்று பேச்சு பரவியது. ஆட்கள் குறைந்தார்கள். கடைசியில் சரஸ்வதி அம்மாவே சொன்னார்: "தம்பி, உனக்கு இது ஒத்து வராது. நீ தாளப் பாக்க மாட்டீங்கற, ஆளப் பாக்கற." திட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உரிமத்தை ஒப்படைத்த அன்று வீட்டில் அப்பா, "உட்டுட்டயா?" என்றார். "உட்டுட்டனுங்கப்பா." "அப்ப விடுதலைதான்," என்றார். நல்ல அர்த்தத்தில்தான் சொன்னார். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

ருக்மணி அம்மாளைப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். போன வருடம், கணபதியில், பட்டறைக்கு எதிர் பஸ் ஸ்டாப்பில். நான்தான் அடையாளம் கண்டு போய்ப் பேசினேன். அவருக்கு என்னை நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

"பையன் வந்துட்டானுங்க கண்ணு. கோர்ட்டுல விடுதலைன்னு சொல்லிட்டாங்க. அவன் மேல தப்பில்லைன்னு."

நான் கேட்டேன்: "உங்க தம்பி பாத்த வக்கீலுங்களா?"

"இல்லீங்க. தம்பி ரெண்டு வாய்தாவுக்கு வந்தானுங்க. அப்பறம் வேல சாஸ்தியாப் போச்சு. கவருமெண்டே ஒரு வக்கீலக் குடுத்துச்சுங்க. சின்னப் பொண்ணு. அதுதான் கடைசி வரைக்கும் நின்னு பேசுச்சு."

தம்பியிடம் கேட்டீர்களா என்றேன். கேட்டாராம். "நீங்களா இஷ்டப்பட்டுப் போட்டதுதானுங்களே அக்கா, ஆபீசர் ரெண்டு தடவ கேட்டாரே," என்றாராம் தம்பி. அதே மரியாதையோடு.

இப்போது கணபதியில் வாடகைக்கு ஒற்றை அறை. மகன் லேத்துக்குப் போகிறான். அம்மாவிடம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஊட்டை எழுதிக் கொடுக்க யார் சொன்னது, நான் கேட்டேனா என்கிறானாம். அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையும் சரியாக வரவில்லை. வெளியே வந்தபோது அதுவே தொளதொளவென்று இருந்ததாம்.

காந்திபுரம் பஸ் திருப்பத்தில் தெரிந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு இரண்டடி வைத்தார். பிறகு நின்று என்னைப் பார்த்தார். அந்தக் கோபம் இப்போது இல்லை. எதையோ வெகுநாளாகக் கணக்குப் போட்டும் விடை வராதவர் போல இருந்தார்.

"ஏனுங்க கண்ணு, அன்னைக்கு அந்த ஆபீசரு கேட்டப்ப, என்ற இஷ்டம் இல்லீங்கன்னு நான் சொல்லியிருந்தா, உட்டிருப்பாங்களா?"

"யாரைங்க அம்மா?" என்றேன்.

பஸ் வந்து நின்றது. கூட்டத்தோடு அவரும் ஏறிவிட்டார். மகனைப் பற்றிக் கேட்டாரா, தன்னைப் பற்றிக் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.